கோப்பி இலையில் படிந்த மஞ்சள் தூள்: ஒரு நுண்ணங்கி மலையகத்தை மாற்றிய வரலாறு

பத்திரிகைப் பணியின் நிமித்தம் முன்னொரு காலத்தில் பண்டாரவளைப் பகுதிக்குச் சென்றிருந்தபோது, தோட்டத் தொழிலாளி ஒருவரின் வீட்டு முற்றத்தில் நின்ற கோப்பிச் செடியொன்றைக் காண நேர்ந்தது. அதன் இலையொன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்புறத்தில் மஞ்சள்பொடி தூவினாற்போல வட்டவட்டமாக ஏதோ படிந்திருந்தது. தொட்டதும் விரலில் ஒட்டிக்கொண்டது.

"அது சும்மா தூசுங்க ஐயா. மழைக்கு வரும், பொறகு போயிரும்" என்றார் வீட்டுக்காரப் பெரியவர்.

அந்தத் தூசுதான் அவருடைய பாட்டனாரின் தலைமுறையை இந்த மலைகளில் நிரந்தரமாகக் குடியிருத்தியது என்பதை அவரும் அறிந்திருக்கவில்லை. அன்று நானும் அறிந்திருக்கவில்லை. பின்னர் பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கிய பிறகே அதன் கதை சிறிது சிறிதாகத் துலங்கியது. அது ஒரு பயிர்நோயின் கதை மாத்திரமன்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், தான் வாழும் இலையோடும் காற்றோடும் மழையோடும் மனிதரின் பேராசையோடும் எவ்வாறு உறவு கொள்கிறது என்பதை உலகம் கற்றுக்கொண்ட பாடங்களுள் ஒன்று, எமது நாட்டின் மலைகளிலேயே எழுதப்பட்டது.

காட்டை விழுங்கிய கோப்பி

ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்கு அண்மையில் உள்ள சிங்ஹபிட்டியவில் 1824 இல் கோப்பித் தோட்டம் ஒன்றை ஆரம்பித்தார். அக்காலத்தில் தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் தாமும் கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். 1830களின் பிற்பகுதியில் தொடங்கிய கோப்பி மோகம் அடுத்த நாற்பது ஆண்டுகளில் கண்டிச் சீமையின் காடுகளை வெட்டிச் சாய்த்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் இல்லாத நிலங்களை அரசுக்கு உரித்தாக்கி, அவற்றைத் தோட்டத்துரைமாருக்கு விற்பனை செய்ய வழிவகுத்தது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென அமைந்த இருப்புப்பாதை 1867 இல் கண்டியை எட்டியது.

காடு வெட்டவும், கன்று நடவும், பழம் பறிக்கவும் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கங்காணிமார் மூலம் அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளின் ஊடாக மாத்தளை வரையில் நடந்தே வந்தார்கள். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் ஒன்றே ஆதலால், பெரும்பாலானோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களுடைய வீடு இந்தியாவிலும் வேலை இலங்கையிலும் இருந்தன. இந்த ஒரு விடயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பி பயிரிட்டவர்கள் துரைமார் மாத்திரமல்லர். கண்டிச் சிங்களக் கிராமவாசிகளும் தமது வீட்டுத் தோட்டங்களில் கோப்பி வளர்த்து, அந்த வருமானத்தில் வரி கட்டி, துணிமணி வாங்கி வாழப் பழகியிருந்தனர். 1870 ஆம் ஆண்டளவில் இலங்கை வருடத்துக்கு சுமார் 10 கோடி இறாத்தல் கோப்பியை ஏற்றுமதி செய்தது. உலகின் முன்னணிக் கோப்பி நாடுகளுள் ஒன்றாக அது அப்போது விளங்கியது.

1869: மடுல்சீமையிலிருந்து வந்த இலைகள்

1869 ஆம் ஆண்டில், மடுல்சீமையில் உள்ள தோட்டமொன்றின் சில கோப்பிச் செடிகளில் இலைகள் மஞ்சள் புள்ளி விழுந்து உதிரத் தொடங்கின. அந்த இலைகள் பேராதனை அரச தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸிடம் வந்து சேர்ந்தன. அவர் அவற்றை இங்கிலாந்தில் இருந்த பாதிரியார் பேர்க்லிக்கு அனுப்பினார். அயர்லாந்தில் 1845 இல் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைவித்த நோய்க்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்று, பலரும் மறுத்த காலத்தில் எடுத்துரைத்தவர் இந்தப் பேர்க்லி. மடுல்சீமை இலைகளில் இருந்தது அறிவியல் அதுவரை அறிந்திராத ஒரு பங்கசு என்பதை அவர் உடனே கண்டுகொண்டார்.

அதன் வித்தி ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் சொரசொரப்பாகவும் இருந்தமையால் 'பாதி வழவழப்பானது' என்று பொருள்படும் ஹெமிலேயா என்ற பெயரைச் சூட்டினார். அத்துடன் அவர் சேர்த்த இரண்டாவது பெயர் வஸ்டாட்ரிக்ஸ். 'நாசகாரி' என்பது அதன் பொருள்.

துரைமாரோ கலங்கவில்லை. நோயுற்ற மரம் உடனே சாவதில்லை. இலையை உதிர்த்துவிட்டு மறுபடியும் தளிர்த்தது. ஆகவே காலநிலை சரியில்லை என்றனர், மண் இளைத்துவிட்டது என்றனர், எருப் போட்டால் சரியாகிவிடும் என்றனர். உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்துகொண்டே சென்றமையால், விளைச்சல் குறைந்ததைப் பணம் மறைத்துவிட்டது. கோப்பி நிலம் விரிந்துகொண்டே போய் 1878 அளவில் சுமார் 275,000 ஏக்கரை எட்டியது. அதேவேளை ஏக்கருக்குச் சராசரியாக நாலரை அந்தர் தந்த நிலம் எழுபதுகளின் இறுதியில் சுமார் இரண்டு அந்தரே தந்தது. ஓர் அந்தர் 112 இறாத்தல் ஆகும். நோய் பரவப் பரவ அதற்குரிய உணவைத் துரைமார் மேலும் மேலும் நட்டு வைத்தார்கள் என்பதே இதன் பொருள்.

கண்ணாடித் துண்டுகளோடு வந்த இளைஞர்

நிலைமை கைமீறிய பின்னரே அரசாங்கம் விழித்தது. இந்த நோயை ஆராய்வதற்கென்று ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை 1880 இல் இரண்டு ஆண்டுகளுக்கு நியமித்தது. அவர் 1854 இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கற்று, ஜேர்மனியில் அக்காலப் புதிய தாவரவியல் ஆய்வுமுறைகளில் பயிற்சி பெற்றவர்.

அவர் செய்த வேலையை இன்று வாசிக்கும்போதும் வியப்பே மேலிடுகிறது. கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பி மரங்களிடையே தொங்கவிட்டார். காற்றில் வந்து அவற்றில் ஒட்டிய துகள்களை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். பங்கசின் வித்திகள் அங்கே இருந்தன. ஆகவே நோய் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறவில்லை. காற்றில் மிதந்து வந்து இலையில் இறங்குகிறது என்பது தெளிவாயிற்று.

அதன்பின் வித்தியை இலையில் இட்டு, அதன் வாழ்வைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர்ந்தார். வித்தி முளைப்பதற்கு நீர்த்துளி வேண்டும். முளைத்த நுண்குழாய் இலையின் அடிப்புறத்திலுள்ள இலைவாய்களுள் ஒன்றைத் தேடி உள்ளே புகும். உள்ளே இழைகளாய்ப் பரந்து, கலங்களுள் சிறு உறிஞ்சிகளைச் செலுத்தி, இலை தயாரிக்கும் உணவை உண்ணும். சில வாரங்களில் அதே இலைவாய்களின் வழியாக மீண்டும் வெளிவந்து பல்லாயிரக்கணக்கான வித்திகளைக் கொட்டும். நாம் காணும் மஞ்சள் தூள் அதுவே. அதை அடுத்த காற்று அடுத்த இலைக்குக் கொண்டுபோகும்.

இலை சாகும்போது மரம் தன் சேமிப்பைச் செலவிட்டுப் புதிய இலையைத் தள்ளும். அதுவும் நோயுற்று விழும். இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு வலிமை குன்றிய மரத்தில் பழம் தங்காது. மரம் நிற்கும், வருமானம் இராது. எருப் போட்டால் இலை அதிகம் தளிர்க்கும். பங்கசுக்கும் அதிக இலை கிடைக்கும்.

இவ்வளவும் ஒரு கூர்மையான ஆய்வாளர் எவரும் கண்டிருக்கக் கூடியவையே. வார்ட் அதற்கும் ஒருபடி மேலே சென்றார். இந்தப் பங்கசு ஏன் இலங்கையில் இவ்வளவு வெறியோடு பரவியது என்று கேட்டார். விடை பங்கசிடம் மாத்திரம் இல்லை என்பதை அவர் கண்டார். மலைக்கு மலை, பள்ளத்துக்குப் பள்ளம் இடைவெளியின்றி ஒரே பயிர் நின்றது. தென்மேல் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் மாறிமாறி வீசி வித்தியைச் சுமந்தன. மழை அதற்கு நீர் தந்தது. குறுக்கே நின்று காற்றைத் தடுத்திருக்கக் கூடிய காடோ வெட்டப்பட்டுவிட்டது. வித்திக்கு இதைவிட வசதியான உலகை எவரும் திட்டமிட்டும் அமைத்துத் தந்திருக்க முடியாது.

கோப்பியின் தாயகமாகிய எத்தியோப்பியாவின் காடுகளில் இதே பங்கசு இன்றும் இருக்கிறது. அங்கே பலவகை மரங்களின் நிழலில், ஒன்றுக்கொன்று மாறுபட்ட கோப்பிச் செடிகளிடையே அது பெரும்பாலும் அடங்கியே வாழ்கிறது. பங்கசு ஒன்றுதான், சூழல்தான் வேறு.

கேட்க விரும்பாத விடை

துரைமார் வார்ட்டிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்தை. அவர் கொடுத்தது ஒரு விளக்கத்தை. பங்கசு இலைக்குள் புகுந்த பின்னர் அதைக் கொல்ல வழியில்லை. புகுமுன் இலையின் மேற்பரப்பிலேயே தடுக்க வேண்டும் என்றார். தோட்டங்களுக்கிடையே மரவேலிகளை வளர்த்துக் காற்றை மறிக்க வேண்டும் என்றார். நூறாயிரக்கணக்கான ஏக்கரில் கடன்பட்டுக் கோப்பி நட்டிருந்தவர்களுக்கு இவை உவப்பான சொற்களாக இருக்கவில்லை. மருந்து கொண்டுவராத அறிஞர் என்ற ஏமாற்றமே அவரைப் பற்றி எஞ்சியது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர் இங்கிலாந்து திரும்பினார்.

விதி செய்த வேடிக்கை என்னவெனில், இலையை முன்கூட்டியே காக்கக்கூடிய செம்புக் கலவையாகிய போர்டோக் கலவையைப் பற்றிப் பிரான்ஸில் மில்லார்டே என்பவர் 1885 இல் அறிவித்தார். வார்ட் கூறிய தத்துவத்துக்கு ஏற்ற மருந்து அதுவே. ஆனால் அதற்குள் இலங்கையில் காப்பாற்றுவதற்குக் கோப்பி அதிகம் இருக்கவில்லை. எஞ்சியதையும் 'பச்சைப்பூச்சி' என்று தோட்டங்களில் பேசப்பட்ட செதிற்பூச்சி எண்பதுகளில் தாக்கியது.

இலங்கையில் கற்ற பாடத்தை வார்ட் மறக்கவில்லை. ஓர் உயிர் மற்றோர் உயிரோடும் சுற்றாடலோடும் கொள்ளும் உறவே அவரது வாழ்நாள் ஆய்வாயிற்று. அவரைவேரின் முடிச்சுகளில் வாழும் நுண்ணங்கிகளைப் பற்றி 1887 இல் எழுதினார். இங்கிலாந்தின் வீடுகளில் இஞ்சிப் பியர் தயாரிக்கப் பயன்பட்ட வெண்ணிறக் கட்டிகளை ஆராய்ந்து, அவை ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் கூட்டுக்குடித்தனம் என்று 1892 இல் நிறுவினார். தேம்ஸ் ஆற்று நீரின் பற்றீரியாக்களை ஆராய்ந்தபோது, சூரிய ஒளி கொடிய வித்திகளையும் கொல்லவல்லது என்று காட்டினார். 1895 இல் கேம்பிரிட்ஜின் தாவரவியல் பேராசிரியரான அவர் 1906 இல் காலமானார்.

அதே ஆண்டுகளில் ரஷ்யரான வினோகிராட்ஸ்கியும் ஒல்லாந்தரான பெயரிங்கும் மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணங்கிகளை ஆராய்ந்து, அவை இன்றேல் பூமியில் எந்த உயிரும் இல்லை என்பதை உணர்த்தத் தொடங்கியிருந்தனர். நுண்ணங்கிச் சூழலியல் என்று இன்று அழைக்கப்படும் துறைக்கு மூலவர்களாக அவ்விருவரையே நூல்கள் குறிப்பிடுகின்றன. அது நியாயமே. எனினும் அந்தப் பட்டியலில் மலையகத்தின் காற்றில் கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்ட இளைஞருக்கும் ஓரிடம் உண்டு என்பது எனது கருத்து.

வங்கி வீழ்ந்தது, மனிதர் வீழ்ந்தனர்

கோப்பியின் வீழ்ச்சி வேகமாக நிகழ்ந்தது. 10 கோடி இறாத்தலாக இருந்த ஏற்றுமதி 1889 இல் சுமார் 50 இலட்சமாகச் சுருங்கியது. துரைமாருக்குக் கடன் வழங்கியிருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அந்த வங்கியின் நோட்டுகளே நாட்டில் பணமாகப் புழங்கியமையால் பீதி பரவியது. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்து நிலைமையைச் சமாளித்தார்.

வங்கியின் கதை பதிவேடுகளில் இருக்கிறது. கீழே இருந்தவர்களின் கதையை வரிகளுக்கு இடையில்தான் தேட வேண்டும். கோப்பிப் பணத்தைக் கொண்டு நெல்வரி கட்டிவந்த கண்டிக் கிராமவாசி, கோப்பி போனதும் வரி கட்ட முடியாமல் வயலை இழந்தான். வலப்பனைப் பகுதியில் அவ்வாறு வயல்கள் ஏலத்தில் போய், மக்கள் பட்டினியால் மடிந்ததைப் பற்றி அக்கால அரச அதிகாரிகளே எழுதியுள்ளனர். தோட்டங்களில் தொழிலாளரின் சம்பளம் நிலுவையாயிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்துக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் அவர்களிடையே பலர். திரும்பிச் செல்ல ஊரில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்த இடத்தில் கூலியும் இல்லை.

துரைமார் முதலில் சிங்கோனாவை நட்டனர். எல்லோரும் நட்டதனால் அதன் விலை விழுந்தது. பிறகு தேயிலைக்கு மாறினர். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, 1890களின் நடுப்பகுதியில் 300,000 ஏக்கர் அளவுக்குப் பெருகியது. இந்தப் பங்கசினால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிக்கப் பழகினர் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. அது தவறு. அதற்கு நூறாண்டு முன்னரே சீனத் தேயிலை அவர்களது வீடுகளில் குடிபுகுந்துவிட்டது. பங்கசு மாற்றியது ஆங்கிலேயரின் கோப்பையை அன்று, எமது மலைகளை.

தேயிலைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் வரும். ஆண்டு முழுவதும் பறிக்க ஆள் வேண்டும். பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே வந்து போகும் கூலிக்குப் பதிலாகக் குடும்பங்கள் தேவைப்பட்டன. லயங்கள் நிறைந்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். பெரியோர் அங்கேயே புதைக்கப்பட்டனர். ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டம் மலையகத் தமிழர் என்ற சமூகமாக வேரூன்றியது.

இவ்வாறு வேரூன்றியவர்களைத்தான் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்நாட்டவர் அல்லர் என்றது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகக் கருதிப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. அவர்கள் ஏன் இங்கு தங்கினர் என்ற கேள்வியை அரசியல் மேடைகளில் எழுப்பியவர்கள் எவரும் கோப்பி இலையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

பாடம் முடியவில்லை

கோப்பி போன இடத்தில் தேயிலையும் அதே முறையிலேயே, மலைக்கு மலை ஒரே பயிராக நடப்பட்டது. 1946 இல் கொப்புள நோய் என்ற மற்றொரு பங்கசு தேயிலைக்கு வந்தது. இம்முறை நாடு ஆயத்தமாக இருந்தது. தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்களான விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகியோர் மழைக்கும் வெயிலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1961 இல் வெளியிட்டனர். வெயில் எத்தனை மணிநேரம் காய்ந்தது என்பதைக் கொண்டு, எப்போது செம்புமருந்து தெளிக்க வேண்டும், எப்போது வேண்டியதில்லை என்று கூறும் வழி பிறந்தது. நுண்ணங்கியை அதன் சூழலில் வைத்தே பார்க்க வேண்டும் என்று வார்ட் காட்டிய பாதை அதுவே.

மஞ்சள் தூளும் தன் பயணத்தை நிறுத்தவில்லை. இந்தியா, சுமாத்திரா, யாவா எனப் பரவி, 1970 இல் பிரேஸிலில் காணப்பட்டது. 2012 ஆம் ஆண்டளவில் மத்திய அமெரிக்காவைக் கடுமையாகத் தாக்கியது. குவாத்தமாலா 2013 இல் அவசரநிலையை அறிவித்தது. அங்கும் முதலில் வேலையிழந்தவர்கள் பழம் பறிக்கும் கூலியாட்களே.

மெக்ஸிக்கோவின் சியாபாஸ் மலைகளில் ஐவெட் பெர்ஃபெக்டோ, ஜோன் வண்டர்மியர் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிழல் மரங்களோடு கூடிய கோப்பித் தோட்டமொன்றை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அங்கே மரத்தில் கூடுகட்டும் ஒருவகை எறும்பு பச்சைச் செதிற்பூச்சியைக் காக்கிறது. செதிற்பூச்சி பெருகும் இடத்தில் ஒரு வெள்ளைப் பங்கசு அதைத் தின்கிறது. அந்த வெள்ளைப் பங்கசு அத்தோடு நில்லாமல் மஞ்சள் தூளின் பங்கசையும் தாக்குகிறது. நிழல் மரங்களை வெட்டி, மருந்தை அளவின்றித் தெளிக்கும்போது, இந்தக் காவற்காரரையும் சேர்த்தே விரட்டுகிறோம் என்பது அவர்களது வாதம். இலங்கையைத் தாக்கிய பங்கசும் செதிற்பூச்சியும் அங்கே ஒரே தோட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றோடு அவற்றின் எதிரிகளும் இருக்கின்றன.

1869 இல் மடுல்சீமையில் சில செடிகளில் தோன்றிய புள்ளி ஒரு வங்கியை வீழ்த்தியது, ஒரு பயிரை அகற்றி மற்றொன்றைக் கொணர்ந்தது, கிராமவாசியின் வயலைப் பறித்தது, ஒரு மக்கள் கூட்டத்தின் தாயகத்தை மாற்றியது. ஆனால் இவற்றுள் எதையும் பங்கசு தனித்துச் செய்யவில்லை. காட்டை வெட்டியவர்களும், விலையை மாத்திரம் பார்த்தவர்களும், விளக்கம் சொன்ன இளைஞருக்குச் செவிகொடாதவர்களும் அதற்குத் துணை நின்றார்கள்.

பண்டாரவளைப் பெரியவரிடம் இந்தக் கதையைச் சொல்ல மீண்டும் எனக்கு வாய்க்கவில்லை. அவரது பேரப்பிள்ளைகள் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால், முற்றத்துக் கோப்பி இலையை ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். அவர்களது குடும்ப வரலாற்றின் முதற்பக்கங்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.